நூறு மைல் மலைத்தடம்: ஓடி முடித்தோர் கற்ற பாடங்கள்

மலைத்தட ஓட்டம் என்பது தார்ச்சாலையை விட்டு விலகி, காட்டுப்பாதை, ஒற்றையடித் தடம், பாறைச்சரிவு, ஓடைப்படுகை ஆகியவற்றின் வழியே நடைபெறும் ஓட்டமாகும். மாரத்தானின் 42.195 கிலோமீட்டரைத் தாண்டிய ஓட்டம் எதுவும் அல்ட்ரா மாரத்தான் எனப்படும். அவற்றுள் 100 மைல், அதாவது சுமார் 161 கிலோமீட்டர் என்னும் தொலைவு தனி மதிப்புடையது. அத்தொலைவுக்கு உலகெங்கும் முன்மாதிரியாக அமைந்த போட்டி, கலிபோர்னியாவில் சியரா நெவாடா மலைத்தொடரில் நடைபெறும் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100. சாலை மாரத்தானில் தேர்ந்தவர்கள் இத்தகைய பாதையில் நடுவழியில் விலகுவதும், சாலையில் பெரிய வேகம் காட்டாதவர்கள் இறுதிவரை சென்று சேர்வதும் அரிதல்ல. ஏனெனில் இங்கே முடிவைத் தீர்மானிப்பது மூச்சின் ஆற்றல் மட்டுமன்று. தொடைத்தசை, உடல்வெப்பம், வயிறு, பாதம் ஆகிய நான்கும் பாதையின் தேவைக்கு முன்கூட்டியே பழக்கப்பட்டுள்ளனவா என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

பாதையின் இயல்பு

வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் போட்டி குதிரைப் பந்தயத்திலிருந்து பிறந்தது. ஒரே நாளில் 100 மைல் தொலைவைக் குதிரையில் கடக்கும் டெவிஸ் கோப்பைப் பந்தயம் 1955 முதல் அம்மலையில் நடந்துவந்தது. 1974-இல் கோர்டி எய்ன்ஸ்லி என்பவர் குதிரையின்றித் தன் கால்களாலேயே அப்பாதையை 23 மணி 42 நிமிடத்தில் கடந்தபோது, மனித உடலாலும் அது இயலும் என்பது நிறுவப்பட்டது. 1977 முதல் ஓட்டக்காரர்களுக்கான போட்டி முறையாக நடத்தப்பட்டு வருகிறது. ஜூன் மாதத்தின் கடைசி முழு வாரயிறுதியில் சனிக்கிழமை காலை 5 மணிக்கு ஒலிம்பிக் வேலி என்னுமிடத்தில் தொடங்கும் ஓட்டம், மறுநாள் காலை 11 மணிக்குள் ஆபர்ன் நகரின் பள்ளி மைதானத்தில் முடிய வேண்டும்; ஆக மொத்தக் காலக்கெடு 30 மணி நேரம். அதிலும் 24 மணி நேரத்துக்குள் முடிப்பவர்களுக்கு வெள்ளி வார்ப்பூட்டு பரிசாக வழங்கப்படுகிறது.

பாதையின் மொத்த ஏற்றம் ஏறக்குறைய 5,500 மீட்டர். மொத்த இறக்கமோ 7,000 மீட்டர். தொடக்கத்திலேயே 7 கிலோமீட்டருக்குள் சுமார் 780 மீட்டர் ஏறி, 2,600 மீட்டருக்கும் மேலான உயரத்திலுள்ள கணவாயை அடைய வேண்டும். பின்னர், நண்பகல் வேளையில், பல ஆண்டுகளில் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளில் இறங்கி ஏற வேண்டும். 78-ஆம் மைலில், பெரும்பாலோர் இருட்டிய பிறகு, கயிற்றைப் பற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்க வேண்டும். ஒரு போட்டிக்குப் பதிவு செய்தவர் முதலில் செய்ய வேண்டியது இவ்வாறு அதன் ஏற்ற இறக்கம், வெப்பநிலை, வழியில் உணவும் நீரும் தரும் உதவி நிலையங்களின் இடைவெளி ஆகியவற்றை வரைந்துகொண்டு, தம் பயிற்சியை அந்த வரைவிலிருந்து வகுத்துக்கொள்வதே ஆகும்.

இறக்கத்துக்கான பயிற்சி

புதியவர்கள் ஏற்றத்துக்கு அஞ்சுகின்றனர். அனுபவம் உள்ளவர்களோ இறக்கத்துக்கு அஞ்சுகின்றனர். சரிவில் இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் முன்தொடைத் தசை உடலின் எடையைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. சுமை தாங்கியபடி நீளும் இவ்வகைத் தசை இயக்கம், சுருங்கி இயங்குவதைக் காட்டிலும் தசையிழைகளை அதிகம் சிதைக்கிறது. அச்சிதைவு அப்போதைக்குத் தெரியாமல், ஓரிரு நாள் கழித்தே உச்ச வலியாக வெளிப்படும் என்பது குறுகிய ஓட்டங்களின் அனுபவம். 20 மணி நேரத்துக்கு மேல் நீளும் ஓட்டத்திலோ அதே நாள் மாலைக்குள் தொடைகள் பிடிப்பிழந்து, சமதளத்திலும் ஓட முடியாத நிலை வந்துவிடும்.

இதற்கு மருந்து இறக்கமே. ஒருமுறை இறக்க ஓட்டத்தால் வலி கண்ட தசை, அடுத்தமுறை அதே சுமையைக் குறைந்த சேதத்தோடு தாங்குகிறது. இப்பாதுகாப்பு சில வாரங்கள் நீடிக்கிறது. எனவே, போட்டிக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பிருந்தே வாரம் ஒருமுறை நீண்ட சரிவொன்றைத் தேர்ந்து, தொடக்கத்தில் மெதுவாகவும் பின்னர் சற்று வேகமாகவும் இறங்கிப் பழகுவதும், கடைசிக் கடுமையான இறக்கப் பயிற்சியைப் போட்டிக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே முடித்துக்கொள்வதும் நல்ல ஒழுங்காகும். இறங்கும்போது நீண்ட எட்டு வைத்துக் குதிகாலால் தடுப்பதைத் தவிர்த்து, குறுகிய அடிகளை விரைந்து வைத்து, பார்வையைக் காலடியில் அன்றிச் சில அடிகள் முன்னே செலுத்த வேண்டும்.

ஏற்றத்துக்குரிய பாடம் வேறு. செங்குத்தான ஏற்றத்தில் ஓடுவதற்கும் விரைந்து நடப்பதற்கும் இடையே நேர வேறுபாடு சிறிது. செலவாகும் ஆற்றலில் வேறுபாடு பெரிது. ஆகவே முன்னணி வீரர்களும் கடும் ஏற்றங்களில் நடக்கின்றனர். கைகளைத் தொடைமீது ஊன்றி, உடலைச் சற்றே முன்சாய்த்து, ஒரே சீராக ஏறும் நடையைத் தனிப் பயிற்சியாகவே பழக வேண்டும். அதைத் தோல்வியின் அடையாளமாகக் கருதுவோர் பாதி வழியிலேயே களைத்துப்போகின்றனர்.

வாரத் திட்டமும் வேகமும்

ஏற்கெனவே மாரத்தான் ஓடிப் பழகியவருக்கு நான்கு முதல் ஆறு மாதப் பயிற்சி பொருத்தமானது. ஓட்டத்தின் பெரும்பகுதி, ஒருவர் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓடக்கூடிய இலேசான வேகத்தில் அமைய வேண்டும். சனி, ஞாயிறு என அடுத்தடுத்த இரு நாள்களில் நீண்ட ஓட்டங்களை வைத்துக்கொள்வது இத்துறையில் வேரூன்றிய முறை; முதல்நாள் களைப்போடு இரண்டாம் நாள் ஓடும்போது, ஒரே நாளில் மிகையாக ஓடிக் காயம்பட வேண்டிய தேவையின்றியே, களைத்த கால்களால் இயங்கும் திறன் கிடைக்கிறது. வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் போட்டிக்கு முன்னோடியாக மே மாத இறுதியில் 3 நாள்களில் பாதையின் கடைசி 70 மைலை ஓடிப்பார்க்கும் பயிற்சி முகாம் நடத்தப்படுவதும் இம்முறையை ஒத்ததே. அதன்பின் கடைசி இரண்டு மூன்று வாரங்களில் ஓடும் தொலைவைப் படிப்படியாகக் குறைத்து உடலைத் தேற்ற வேண்டும். அந்நாள்களில் விட்டுப்போன பயிற்சியை ஈடுசெய்ய முனைவது எவ்விதப் பயனும் தராது, தீங்கே தரும்.

போட்டி நாளில் முதல் மூன்றில் ஒரு பங்கைத் தமக்கே தயக்கமூட்டும் அளவுக்கு மெதுவாக ஓடுவதே அறிவுடைமை. காலைக் குளிரில் விரைந்து பெற்ற பத்து நிமிடம், மாலையில் வட்டியோடு திருப்பிச் செலுத்தப்படுகிறது. கடிகாரத்தின் வேகக் கணக்கு ஏற்ற இறக்கத்தில் பொருளற்றுப்போவதால், மூச்சின் சீரையும் பேசும் இயல்பையும் அளவுகோலாகக் கொள்வது பொருத்தமானது.

வெப்பம், உணவு, நீர்

வெப்பத்துக்கு உடல் பழகுவதற்கு ஏறக்குறைய 10 முதல் 14 நாள்கள் போதும். அந்நாள்களில் நாள்தோறும் ஒரு மணி நேரம் வெயிலில் மெல்ல ஓடினாலோ, ஓட்டத்துக்குப் பின் நீராவி அறையில் சிறிது நேரம் அமர்ந்தாலோ, இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா பெருகுகிறது. வியர்வை முன்கூட்டியே சுரக்கத் தொடங்குகிறது. அவ்வியர்வையில் வெளியேறும் உப்பும் குறைகிறது. போட்டியின்போது கழுத்தில் பனிக்கட்டி கட்டிய துணியும், தொப்பிக்குள் பனிக்கட்டியும் வைத்துக்கொள்வதும், வழியிலுள்ள ஓடையில் ஓரிரு நிமிடம் முழுக அமர்ந்து எழுவதும் நேர இழப்பல்ல. வெப்பம் தலைக்கேறிய பின் இழக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் அவை பெரும் சேமிப்பே.

உடல் தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கும் சர்க்கரையான கிளைக்கோஜன், இடையறாத ஓட்டத்தில் சில மணி நேரத்துக்கே போதுமானது. ஆதலால் தொடக்க மணி நேரத்திலிருந்தே உண்டுகொண்டிருக்க வேண்டும். குளுக்கோஸ் ஒன்றை மட்டுமே உண்டால் மணிக்கு ஏறத்தாழ 60 கிராம் வரையே குடல் உறிஞ்சும். பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸ் வேறு வழியாகக் குடலுக்குள் நுழைவதால், இரண்டையும் கலந்து உண்பவர் 90 கிராம் வரை ஏற்க முடியும். ஆனால் பழக்கப்படாத வயிறு இந்த அளவை ஏற்காது. ஓடும்போது இரத்தம் தசைகளுக்கும் தோலுக்கும் திருப்பப்பட்டுக் குடலுக்குக் குறைந்துபோகிறது. வெயில் கூடினால் அது மேலும் குறைகிறது. எனவே நீண்ட பயிற்சி ஓட்டங்களில் எல்லாம் போட்டியில் உண்ணப்போகும் அதே ஜெல், அதே உருளைக்கிழங்கு, அதே வாழைப்பழம், அதே சூப்பு ஆகியவற்றை அதே இடைவெளியில் உண்டு பழக வேண்டும். குமட்டல் வந்துவிட்டால் முதல் தீர்வு மருந்தன்று. வேகத்தைக் குறைத்து, உடலைக் குளிர்வித்து, சிறு சிறு மிடறாகக் குடிப்பதே ஆகும்.

நீரைக் குறைத்துக் குடிப்பதைவிட மிகுதியாகக் குடிப்பது சில வேளைகளில் கொடிய ஆபத்தாக முடிகிறது. இரத்தத்தில் சோடியத்தின் அளவு லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழ் இறங்கும் நிலை ஹைப்போநேட்ரீமியா எனப்படும். நெடுநேர ஓட்டத்தில் அதற்கு முதன்மைக் காரணம் தேவைக்கு மேல் நீர் அருந்துவதே. தலைவலி, விரல் வீக்கம், வாந்தி, குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். ஓட்டத்தின் நடுவே உடல் எடை கூடியிருந்தால் அது நல்ல செய்தியன்று, எச்சரிக்கை. தாகத்தை வழிகாட்டியாகக் கொண்டு குடிப்பதே பாதுகாப்பான விதி. இபுபுரூஃபன் போன்ற வலி நிவாரணிகளை ஓட்டத்தின்போது உட்கொள்வது, நீரிழப்பாலும் தசைச்சிதைவாலும் ஏற்கெனவே சுமையேறியுள்ள சிறுநீரகங்களைப் பழுதாக்கக்கூடும் என்பதால், அதை முற்றாகத் தவிர்க்க வேண்டும். சிறுநீர் அடர்பழுப்பு நிறமாக மாறினால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைக் காண்பதே கடமை.

பாதம், இரவு, மனம்

சிறிய கொப்புளம் ஒன்று நூறு மைல் உழைப்பை வீணாக்கவல்லது. காலணி வழக்கமான அளவைவிடச் சற்றுப் பெரியதாக இருத்தல், நகங்களை வெட்டி மழுக்குதல், உராயும் இடங்களில் வாசலைன் தடவுதல், ஆற்றைக் கடந்த பின் காலுறையை மாற்றுதல், எரிச்சல் தோன்றிய உடனேயே நின்று கவனித்தல் ஆகியவை எளிய செயல்கள். ஆனால் களைப்பில் முதலில் கைவிடப்படுபவையும் இவையே. நெற்றி விளக்கோடு கரடுமுரடான பாதையில் ஓடுவதையும் சில இரவுகள் பழகியிருக்க வேண்டும், ஏனெனில் விளக்கொளியில் பள்ளமும் மேடும் ஒன்றுபோலத் தோன்றும். வெஸ்டர்ன் ஸ்டேட்ஸில் 62-ஆம் மைலிலுள்ள ஃபாரஸ்ட்ஹில் முதல் பேசர் எனப்படும் துணை ஓட்டக்காரர் ஒருவரை உடன் அழைத்துச்செல்ல அனுமதி உண்டு. அவருடைய பணி வேகமூட்டுவதைவிட, உண்ணவும் குடிக்கவும் நினைவூட்டுவதும் வழி தவறாமல் காப்பதுமே.

இப்பாடங்கள் அனைத்தும் முதல்தர வீரர்களுக்கும் பொருந்தும் என்பதற்கு ஜிம் வால்ம்ஸ்லி என்னும் வீரரின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் பதிவுகள் சான்று. 2016-இல் சாதனை வேகத்தில் முன்னணியில் சென்றவர், 90 மைலைக் கடந்த பின் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு 20-ஆம் இடத்தில் முடித்தார். 2017-இல் வயிற்றுக் கோளாறால் ஆற்றங்கரையோடு விலகினார். அடுத்த ஆண்டு கடும் வெப்பத்திலும் வென்று, 2019-இல் 14 மணி 9 நிமிடம் 28 நொடி என்னும் சாதனையை நிறுவினார். அன் டிராசன் என்னும் வீராங்கனை 1989 முதல் 2003 வரையிலான காலத்தில் மகளிர் பிரிவில் 14 முறை வென்றிருப்பது, ஒரே பாதையை ஆண்டுதோறும் கற்றுக்கொண்டே இருப்பதன் பயனுக்கு மற்றொரு சான்று. 2015-இல் 70 வயதுடைய குன்ஹில்ட் ஸ்வான்சன் காலக்கெடுவுக்கு 6 நொடிகள் மட்டுமே எஞ்சியிருந்த நிலையில் ஓடி முடித்ததோ, இவ்வோட்டம் இளமைக்கும் வேகத்துக்கும் மட்டும் உரியதன்று என்பதை ஐயத்துக்கு இடமின்றி உணர்த்துகிறது.

மனம் தளரும் வேளை ஒவ்வொருவருக்கும் வரும். அது பெரும்பாலும் உணவோ உறக்கமோ குறைந்ததன் விளைவு என்பதால், உதவி நிலையத்தில் அமர்ந்து, உண்டு, சிறிது தேறிய பின்னரே விலகுவதா தொடர்வதா என முடிவு செய்ய வேண்டும். எலும்பில் கூர்மையான வலி, மனக்குழப்பம், நில்லாத வாந்தி ஆகியவை இருப்பின் விலகுவதே சரி. வெறும் களைப்பு விலகுவதற்குக் காரணம் ஆகாது.

வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் போட்டியில் பங்கேற்க விரும்புபவர் 8 மணி நேரம் பாதை பராமரிப்பிலோ பிற போட்டிகளின் தொண்டிலோ ஈடுபட்டிருக்க வேண்டும் என்பது விதி. இந்த விதி இத்துறையின் சிறந்த மரபு. மலைத்தடத்தில் ஓட விரும்பும் எவரும் தம் முதல் போட்டிக்கு முன்பாக ஓர் உதவி நிலையத்தில் ஓர் இரவு தொண்டாற்ற வேண்டும். களைத்து வந்து சேர்பவர்களுக்கு உணவும் நீரும் கொடுத்து, அவர்களது கால்களையும் வயிற்றையும் முகத்தையும் கவனித்தவர், தம் பயிற்சியில் எதைச் சேர்க்க வேண்டும், எதை விலக்க வேண்டும் என்பதை அந்த ஓர் இரவிலேயே அறிந்துகொள்வார்.