கமக்காரர் கம்பனிகளின் ஆண்டுக் கடமைகள்

நெல்லையும் மரக்கறியையும் தனித்தனியே சந்தைக்குக் கொண்டுசெல்லும் கமக்காரன், வியாபாரி கூறும் விலையை ஏற்கவேண்டியவனாகின்றான். பலர் ஒன்றுசேர்ந்து விளைவைத் திரட்டித் தரம்பிரித்து மொத்தமாக விற்பின், விலை பேசும் வலிமை அவர்களுக்கு உண்டாகும். இந்நோக்கத்துடன் இலங்கையில் முதலிற் கூட்டுறவுச் சங்கங்களும், பின்னர்க் கமக்காரர் அமைப்புக்களும் தோன்றின. 1990 களின் இறுதியில், குருநாகல் மாவட்டத்து ரிதி பெந்தி எல நீர்ப்பாசனத் திட்டத்திலே, கமக்காரரே பங்குதாரராயமைந்த கம்பனியொன்று நிறுவப்பட்டது. அதன்பின் வேறு மாவட்டங்களிலும் இத்தகைய கம்பனிகள் உருவாகியுள்ளன.

கம்பனியைப் பதிவுசெய்தல் வயலில் விதைத்தலை ஒக்கும். விதைத்தபின் களை பிடுங்காது விட்ட வயல் என்னாகுமோ, பதிவின்பின் ஆண்டுக் கடமைகளைச் செய்யாது விட்ட கம்பனியும் அவ்வாறே ஆகும். கணக்காய்வு செய்யப்பட்ட கணக்கு இல்லாதவிடத்து வங்கி கடன் கொடுக்கத் தயங்கும். பணிப்பாளர்கள் தண்டத்திற்கு உள்ளாவர். ஈற்றிற் கம்பனியின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படவுங்கூடும். அப்பொழுது இழக்கப்படுவது கமக்காரர் சிறுகச் சிறுகச் சேர்த்து இட்ட பங்குப் பணமே. ஆகையால் இக்கடமைகளை ஒவ்வொரு பங்குதாரரும் அறிந்திருத்தல் நன்று.

1. கம்பனியின் வகை

கமக்காரர் கம்பனிகள் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ்ப் பதிவுசெய்யப்படுகின்றன. தனியார் கம்பனியொன்றிற் பங்குதாரர் தொகை ஐம்பதுக்கு மேற்படலாகாது. பல கிராமங்களைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான கமக்காரர் பங்கு கொள்ளும் கம்பனி பொதுக் கம்பனியாகவே இருத்தல் வேண்டும். பொதுக் கம்பனிக்கு ஆகக் குறைந்தது இரு பணிப்பாளர் இருத்தல் வேண்டும். செயலாளர் ஒருவரும் வேண்டும்.

இங்கு ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் அவசியம். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற கமக்காரர் அமைப்பு வேறு; கம்பனி வேறு. இரண்டிலும் அங்கத்தவர் ஒருவரேயாயினும், கமநல சேவை நிலையத்திற்குக் கொடுக்கும் அறிக்கை கம்பனிப் பதிவாளருக்குக் கொடுக்க வேண்டியதற்கு ஈடாகாது. இரண்டின் பணத்தையும் ஒரே வங்கிக் கணக்கில் வைத்தலும் தகாது.

2. நாளாந்தப் பதிவுகள்

ஆண்டுக் கடமையின் பெரும்பகுதி நாளாந்த வேலையிலேயே அடங்கியுள்ளது. களஞ்சியத்திற் கொள்வனவு நடைபெறும் ஒவ்வொரு முறையும் இரட்டைப் பிரதியுடன் பற்றுச்சீட்டு எழுதுதல் வேண்டும். அதிற் காணவேண்டியவை: திகதி, விற்றவரின் பெயரும் பங்கிலக்கமும், விளைவின் இனம், நிறை, நெல்லாயின் ஈரப்பதன், மரக்கறியாயின் கழிவு, கிலோவின் விலை, கொடுத்த பணம், விற்றவரின் கையொப்பம்.

மரக்கறியிற் பிழை எளிதில் நேரும். காலையில் 500 கிலோ கத்தரிக்காய் வாங்கி மாலையில் 460 கிலோவே விற்கப்படின், இடையிலுள்ள 40 கிலோவுக்கு விளக்கம் எழுதப்படல் வேண்டும். அழுகியது எவ்வளவு, வாடி நிறை குறைந்தது எவ்வளவு என அன்றே குறியாதுவிடின், ஆண்டிறுதியில் அது களவென்று ஐயுறப்படும். குற்றமற்ற களஞ்சியப் பொறுப்பாளர் பழி சுமப்பார்.

இவற்றோடு பங்குப் பதிவேடு, கூட்ட அறிக்கைப் புத்தகம், காசேடு, கடன்பட்டோர் பதிவேடு என்பனவும் நாளதுவரை எழுதப்பட்டிருத்தல் வேண்டும். பங்குதாரர் ஒருவர் இறந்து அவர் பங்கு பிள்ளைகளுக்குச் சேரின், அம்மாற்றத்தையும் பங்குப் பதிவேட்டிற் பதிதல் வேண்டும். பணிப்பாளர் மாறின் 20 வேலை நாட்களுள் பதிவாளருக்கு அறிவித்தல் வேண்டும்.

3. ஆண்டிறுதி இருப்பெடுத்தல்

வருமான வரிக்குரிய மதிப்பீட்டு ஆண்டு ஏப்பிறில் 1 இல் தொடங்கி மார்ச்சு 31 இல் முடிவடைகின்றது. கம்பனியின் ஐந்தொகைத் திகதியையும் மார்ச்சு 31 ஆக வைத்துக்கொள்ளின் ஒரே கணக்கு இரு தேவைகளுக்கும் உதவும்.

அந்நாளிற் பெரும்போக நெல் களஞ்சியத்தில் நிறைந்திருக்கும். ஆதலின் இருப்பெடுத்தல் மிகக் கவனத்திற்குரியது. மூடைகளை எண்ணுதல் மட்டும் போதாது. சிலவற்றை நிறுத்துப் பார்த்தலும் வேண்டும். வாங்கிய நெல்லையும், அங்கத்தவர் பாதுகாப்புக்காக வைத்த நெல்லையும் வேறு வேறாக அடுக்கி வேறு வேறாக எழுதுதல் வேண்டும். பின்னையது கம்பனியின் சொத்தன்று. எஞ்சியுள்ள பசளை, விதை, வெற்றுச் சாக்கு ஆகியனவும் கணக்கிற் சேரும். எண்ணுபவரும் களஞ்சியப் பொறுப்பாளரும் ஒருவராயிருத்தலாகாது.

4. கணக்காய்வும் பொதுக் கூட்டமும்

ஐந்தொகைத் திகதியிலிருந்து ஆறு மாதங்களுள், அதாவது செத்தெம்பர் 30 இற்கு முன், நிதிக்கூற்றுக்கள் பூர்த்தியாக்கப்பட்டு இரு பணிப்பாளராற் கையொப்பமிடப்படல் வேண்டும். அவற்றைச் சட்டம் கூறும் தகுதியுடைய கணக்காய்வாளர் பரிசோதித்தல் வேண்டும். அவரை நியமிப்போர் ஆண்டுப் பொதுக் கூட்டத்திற் கூடும் பங்குதாரரேயாவர்.

ஆண்டுப் பொதுக் கூட்டம் ஒவ்வோராண்டும் ஒருமுறை நடைபெறல் வேண்டும். அது ஐந்தொகைத் திகதியிலிருந்து ஆறு மாதங்களுள்ளும், முந்திய கூட்டத்திலிருந்து பதினைந்து மாதங்களுள்ளும் அமைதல் வேண்டும். புதிய கம்பனி தன் முதற் கூட்டத்தைப் பதிவுசெய்த பதினெட்டு மாதங்களுள் நடத்தலாம். கூட்டத்திற்கு ஆகக் குறைந்தது 15 வேலை நாட்களின் முன் ஆண்டறிக்கை பங்குதாரர் கைக்குச் சேர்தல் வேண்டும். சனி, ஞாயிறும் பூரணை விடுமுறையும் வேலை நாட்களிற் சேராமையால், இதற்கு ஏறக்குறைய ஒரு மாதத்தை ஒதுக்கல் நன்று.

செத்தெம்பர் இறுதியிற் பெரும்போக வேலைகள் தொடங்கிவிடும். மழையை எதிர்பார்த்து உழவில் ஈடுபட்டிருக்கும் கமக்காரர் கூட்டத்திற்கு வாரார். ஆகையாற் கூட்டத்தைச் செத்தெம்பர் முதல் வாரத்தில் வைக்கும் வண்ணம் வேலைகளை ஒழுங்கு செய்க.

கூட்டத்திற் பங்குதாரர் கேட்டறிய வேண்டியவை பல. சராசரிக் கொள்விலையும் விற்பனை விலையும் யாவை? கழிவால் நேர்ந்த நட்டம் எவ்வளவு? பசளைக்கென முற்பணம் பெற்றுத் திருப்பிக் கொடாதோர் எத்தனை பேர்? அவருட் பணிப்பாளர் உளரா? இவற்றைக் கேட்டல் பகைமையன்று. கணக்கைப் பகிரங்கமாகக் கேட்டு விடை பெறும் கம்பனியிற் கோள் உரைக்கு இடமில்லை.

5. பதிவாளருக்கு அனுப்ப வேண்டியவை

பொதுக் கம்பனி இரண்டு ஆவணங்களை ஒவ்வோராண்டும் கம்பனிப் பதிவாளருக்கு அனுப்புதல் வேண்டும். ஒன்று ஆண்டு விவரத்திரட்டு. இது பணிப்பாளர், பங்குதாரர், பங்குமூலதனம் ஆகிய விபரங்களைக் கொண்டது. பொதுக் கூட்டம் நடந்து 30 வேலை நாட்களுள் அனுப்பப்படல் வேண்டும். மற்றையது நிதிக்கூற்றுக்களின் பிரதி. இது கையொப்பமிடற்குரிய இறுதி நாளிலிருந்து 20 வேலை நாட்களுள் அனுப்பப்படல் வேண்டும். தனியார் கம்பனிக்கு இப்பின்னைய கடமை இல்லாமையால், அவ்வழக்கம் பார்த்துப் பொதுக் கம்பனிகளும் இதனை மறந்துவிடுதல் கூடும்.

6. இறைவரி

2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து வரும் நவெம்பர் 30 இற்கு முன் வருமான வரி விவரத்திரட்டைச் சமர்ப்பித்தல் வேண்டும். வரி செலுத்த வேண்டியிருப்பின் ஓகத்து 15, நவெம்பர் 15, பெப்புருவரி 15, மே 15 ஆகிய தவணைகளிற் செலுத்தி, மீதியைச் செத்தெம்பர் 30 இற்கு முன் தீர்த்தல் வேண்டும்.

“கமக்காரர் கம்பனிக்கு வரியில்லை” என்னும் பேச்சை நம்பியிருத்தல் ஆபத்தானது. பதனிடப்படாத கமவிளைவை விற்றுப் பெறும் இலாபத்திற்கு 2019 ஏப்பிறில் 1 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு விலக்களிக்கப்பட்டிருந்தது. அக்காலம் 2024 மார்ச்சு 31 உடன் முடிவுற்றது. அன்றியும், வரி இல்லாத ஆண்டிலும் விவரத்திரட்டுக் கொடுக்கும் கடமை நீங்குவதில்லை. நட்டமடைந்த ஆண்டில் அதனைக் கொடுத்தல் கம்பனிக்கே நன்மையாகும். ஏனெனின் அந்நட்டத்தைப் பின்வரும் ஆறு ஆண்டுகள் வரை வருமானத்திற் கழித்துக்கொள்ள இடமுண்டு. பெறுமதி சேர் வரியின் எல்லைகளும் வீதங்களும் அடிக்கடி மாற்றப்படுவதால், ஆண்டுதோறும் ஏப்பிறில் மாதத்தில் இறைவரித் திணைக்களத்தின் பிராந்தியக் காரியாலயத்திற் கேட்டறிக.

7. தொழிலாளர் நிதியங்கள்

களஞ்சியத்தில் மூடை சுமப்போரும் மரக்கறி தரம்பிரிக்கும் பெண்களும் தற்காலிகத் தொழிலாளராயினும் ஊழியர் சேமலாப நிதியத்திற்கு உரியோரே. தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதத்தைக் கழித்து, கம்பனி தன் பங்காக 12 சதவீதத்தைச் சேர்த்துச் செலுத்தல் வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்திற்கு 3 சதவீதத்தைக் கம்பனியே கொடுத்தல் வேண்டும். மாதச் சம்பளம் ரூபா 40,000 ஆயின் இத்தொகைகள் முறையே ரூபா 3,200, ரூபா 4,800, ரூபா 1,200 ஆகும். இவற்றை அடுத்த மாதத்தின் இறுதி வேலை நாளுக்கு முன் செலுத்துக. பிந்தின் மேலதிகக் கட்டணம் சேரும்.

8. பங்கிலாபம் கொடுத்தல்

இலாபம் கண்டவுடன் பங்கிலாபம் கேட்பது இயல்பு. ஆயினும் கொடுத்தபின் கம்பனி இரு நிலைகளில் உறுதியாயிருத்தல் வேண்டுமெனச் சட்டம் விதிக்கின்றது. கடன்களை அவ்வத் தவணையிற் கட்ட முடிதல் ஒன்று. சொத்தின் பெறுமதி, கடன்களும் கூறப்பட்ட மூலதனமும் சேர்ந்த தொகையிலும் மேற்பட்டிருத்தல் மற்றையது.

உதாரணமாக, ஒரு கம்பனியின் மூலதனம் ரூபா 400,000 எனக் கொள்க. அதன் சொத்துக்கள்: நெல்லிருப்பு ரூபா 600,000, காசு ரூபா 300,000, அங்கத்தவரிடமிருந்து வரவேண்டிய பசளை முற்பணம் ரூபா 200,000, இயந்திரம் ரூபா 900,000. மொத்தம் ரூபா 2,000,000. கடன்கள் ரூபா 1,500,000. கடனையும் மூலதனத்தையும் கழிக்க எஞ்சுவது ரூபா 100,000. எனவே பங்கிலாபம் அத்தொகையிலும் குறைவாகவே இருத்தல் வேண்டும். இனி, அடுத்த மாதம் வங்கிக்கு ரூபா 350,000 தவணை கட்டவேண்டியிருப்பின், கையிலுள்ள காசு அதற்கே போதாது. நெல் விற்றுக் காசாகும் வரை ஒரு சதமும் பங்கிலாபமாகக் கொடுத்தல் தகாது. புத்தகத்தில் இலாபமும் பெட்டியிற் காசும் ஒன்றல்ல என்பதை இதனால் அறியலாம்.

9. மார்ச்சு 31 இல் ஆண்டு முடியும் கம்பனிக்குரிய நாட்குறிப்பு

மார்ச்சு 31: இருப்பெடுத்தல்; காசெண்ணுதல்.
மே: புத்தகங்களைக் கணக்காய்வாளரிடம் ஒப்படைத்தல்.
யூன், யூலை: கணக்காய்வு.
ஓகத்து முதல் வாரம்: நிதிக்கூற்றிற் கையொப்பமிட்டு, ஆண்டறிக்கையும் கூட்ட அறிவித்தலும் அனுப்புதல்.
செத்தெம்பர் முதல் வாரம்: ஆண்டுப் பொதுக் கூட்டம்.
செத்தெம்பர் 30: வரி மீதியைச் செலுத்துதல்.
ஒற்றோபர் நடுப்பகுதி: ஆண்டு விவரத்திரட்டையும் நிதிக்கூற்றுப் பிரதியையும் பதிவாளருக்கு அனுப்புதல்.
நவெம்பர் 30: வருமான வரி விவரத்திரட்டு.
ஒவ்வொரு மாத முடிவும்: தொழிலாளர் நிதியங்கள்.

இந்நாட்குறிப்பைப் பெரிய எழுத்தில் எழுதிக் களஞ்சியச் சுவரில் யாவரும் காணத் தொங்கவிடுக. ஒவ்வொரு கடமையும் நிறைவேறியவுடன் அதன் எதிரே திகதியையும் பற்றுச்சீட்டிலக்கத்தையும் செயலாளர் குறித்தல் வேண்டும். நெல் விற்க வரும் எந்தப் பங்குதாரரும் தம் கம்பனி ஒழுங்காக நடைபெறுகின்றதா என்பதை அச்சுவரைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம்.