பிறை பார்த்து விதை, மழை பார்த்து நடு

தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கும்போது நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் மூன்றையும் பார்த்துவிட்டு நம்மில் பெரும்பாலோர் நகர்ந்துவிடுகிறோம். அதே தாளில் 'மேல்நோக்கு நாள்', 'கீழ்நோக்கு நாள்', 'சமநோக்கு நாள்' என்று ஏதாவது ஒன்று அச்சாகியிருக்கும். தோட்டம் போடுகிறவர்கள் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். திருவண்ணாமலை மாவட்டம் பெரணமல்லூர் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி போட நினைப்பவர்கள், அந்த வரியையும் வளர்பிறை தேய்பிறையையும் வைத்து வேலையை எப்படிப் பிரித்துக்கொள்வது என்று பார்ப்போம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: இந்த இரண்டு மாதமும் மேகம்தான் மூத்த பஞ்சாங்கம். பிறைக்கு இரண்டாம் இடம்தான்.

காலண்டரைப் படிப்பது

வளர்பிறை, தேய்பிறை என்பது ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள் சுற்று. மேல்நோக்கு, கீழ்நோக்கு என்பது வேறு கணக்கு. அது அன்றைய நட்சத்திரத்தைப் பொறுத்தது; சுற்றும் இருபத்தேழு நாள் சொச்சம்தான். அதனால் இரண்டும் ஒவ்வொரு மாதமும் வேறு வேறு இடத்தில் சந்திக்கும்.

ரோகிணி, திருவாதிரை, பூசம், உத்திரம், உத்திராடம், திருவோணம், அவிட்டம், சதயம், உத்திரட்டாதி ஆகிய ஒன்பதும் மேல்நோக்கு. மண்ணுக்கு மேலே காய்ப்பவற்றை அன்று விதைப்பார்கள். பரணி, கார்த்திகை, ஆயில்யம், மகம், பூரம், விசாகம், மூலம், பூராடம், பூரட்டாதி கீழ்நோக்கு. கிணறு தோண்டுவது, கிழங்கு ஊன்றுவது அன்றைக்கு. மீதி ஒன்பதும் சமநோக்கு. அன்று உழலாம், பாத்தி சமன் செய்யலாம்.

இதில் ஐப்பசிக்கு ஒரு வசதி இருக்கிறது. உத்திராடம், திருவோணம், அவிட்டம், சதயம் நான்கும் அடுத்தடுத்து வரும் மேல்நோக்கு நட்சத்திரங்கள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அவை வளர்பிறையின் நடுவில் வந்து விழுகின்றன. வளர்பிறையும் மேல்நோக்கும் சேர்ந்தாற்போல நாலு நாள் கிடைக்கிறது. தேய்பிறை நடுவில் ஆயில்யம், மகம், பூரம் என்று மூன்று கீழ்நோக்கு நாள் தொடர்ந்து வரும். முள்ளங்கிக்கு அது.

2026-க்குக் கணக்கு இப்படி வருகிறது. மகாளய அமாவாசை அக்டோபர் 10. ஐப்பசிப் பௌர்ணமி அக்டோபர் 26-ஐ ஒட்டி. நவம்பர் 8 தீபாவளி, அதையடுத்து அமாவாசை. திருவண்ணாமலை தீபமும் பௌர்ணமியும் நவம்பர் 24. அடுத்த அமாவாசை டிசம்பர் 8, 9. நான்கு மேல்நோக்கு நாள்கள் அக்டோபர் 19 முதல் 22 வரையும், மறுபடி நவம்பர் 15 முதல் 18 வரையும். மூன்று கீழ்நோக்கு நாள்கள் நவம்பர் 2 முதல் 4 வரை. வாக்கியம், திருக்கணிதம் என்று பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் ஒரு நாள் முன்பின் இருக்கும். அதற்காகச் சண்டை வேண்டாம்.

அமாவாசை: மண் வேலை

நெசவு ஊர்களில் அமாவாசையன்று தறியில் உட்காராத வழக்கம் உண்டு. வீட்டில் ஆள் இருக்கும் நாள் அது. அமாவாசையில் விதைப்பதில்லை என்பதால் மண்வெட்டி வேலைக்கு அந்த நாளை ஒதுக்கிவிடுங்கள். பிறைக் கணக்கால் கிடைக்கும் பெரிய லாபமே இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மாதம் ஒரு முறை வீட்டார் எல்லோரும் கை வைக்க ஒரு நாள் தானாக அமைந்துவிடுகிறது.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். மகாளய அமாவாசைக்கே பாத்தி தயாராகிவிட வேண்டும். மூன்றடி அகலம், அரை அடி உயரம், இரண்டு பாத்திக்கு நடுவே ஓரடி வாய்க்கால். வாய்க்கால் எங்கே போய் முடிகிறது என்று ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சுவரோரம் தேங்கினால் மறுபடி வெட்டுங்கள். மழைக்காலத்தில் செடி வாடிச் சாவதைவிட வேர் அழுகிச் சாவதுதான் அதிகம்.

செம்மண்ணோடு மக்கிய தொழுவுரம், கோடையில் எடுத்து வைத்த ஏரி வண்டல் இருந்தால் அதுவும், பாத்திக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. மக்காத சாணி போடக் கூடாது. கரையானையும் வேர்ப்புழுவையும் நாமே அழைத்த கதையாகும். நம் நெசவு ஊருக்கென்று இன்னொரு எச்சரிக்கை: பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு அவித்த தண்ணீரையும், சாயத் தண்ணீரையும் தோட்டத்துப் பக்கம் திருப்பவே திருப்பாதீர்கள். மண் உவர் தட்டிப்போனால் எந்த நட்சத்திரமும் காப்பாற்றாது.

ஐப்பசி வளர்பிறை: நாற்று விடுவது

கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் நேரடியாகப் பாத்தியில் விதைக்காதீர்கள். ஒரே அடைமழையில் விதை வாய்க்காலோடு போய்விடும். குழித்தட்டில் மக்கிய தென்னை நார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்பி, வெளிச்சம் படும் தாழ்வாரத்தில் வையுங்கள். கூரைக்குக் கீழே இருக்கும் தட்டுக்கு மழை ஒரு பொருட்டில்லை. ஆகவே இங்கே தாராளமாக நாள் பார்க்கலாம்.

நாற்றின் வயதும் பிறையின் சுற்றும் ஏறத்தாழ ஒன்று. தக்காளி நாற்று இருபத்தைந்து நாளில் நடவுக்கு வரும். கத்தரிக்கு முப்பது, முப்பத்தைந்து நாள். ஐப்பசி மேல்நோக்கு நாள்களில் (அக்டோபர் 19 முதல் 22 வரை) விதைத்தால் அடுத்த வளர்பிறை மேல்நோக்கு நாள்களிலும் அதற்கடுத்த வாரத்திலும் நடவு தானாக வந்து நிற்கும். மிளகாய்க்கு மட்டும் நாற்பது நாள் வரை பிடிக்கும். அதை அமாவாசை முடிந்த கையோடு, அக்டோபர் 12 வாக்கில் போட்டுவிடுங்கள்.

கத்தரிக்கு எந்த ரகம் என்று கேட்டால், பக்கத்து வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரியைச் சொல்வேன். புவிசார் குறியீடு பெற்ற ரகம்; பறிக்கும்போது கையைக் குத்தும், குழம்பில் அதை மறக்கச் செய்துவிடும்.

விதைக்கும் முன் சூடோமோனாஸ் பொடியில் விதையைப் புரட்டிக்கொள்ளுங்கள். கிலோ விதைக்கு 10 கிராம் என்பது அளவு. வீட்டுக்கு வாங்கும் பொட்டலத்துக்கு ஒரு சிட்டிகை போதும். காரணம், மழைக்கால நாற்றுக்குப் பெரிய எதிரி நாற்றழுகல். முதல் நாள் மாலை பச்சைப் பசேலென்று நிற்கும் நாற்று, மறுநாள் காலை தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல்போல மெலிந்து, இலை வாடாமலே சாய்ந்து கிடக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் அந்தக் குழியோடு எடுத்து எறிந்துவிட்டு, இரண்டு நாள் தண்ணீரைக் குறையுங்கள். தண்ணீர் எப்போதும் காலையில் மட்டும்.

கீரைக்கு இத்தனை கெடுபிடி இல்லை. சிறுகீரை, அரைக்கீரை, முளைக்கீரை விதையை மூன்று பங்கு மணலோடு கலந்து தூவி, மேலே வைக்கோல் பரப்பி, முளை தெரிந்ததும் வைக்கோலை எடுத்துவிட வேண்டும். பிடுங்கும் கீரை இருபத்தைந்து நாளில் சமையலறைக்கு வந்துவிடும்.

தேய்பிறை: கீழே போவதும் வெட்டுவதும்

ஐப்பசித் தேய்பிறையில் முள்ளங்கி, சின்ன வெங்காயம். முள்ளங்கியை அரை அடிக்கு ஒன்றாகப் பாத்தியின் மேட்டில் ஊன்றுங்கள். விதைத்த நாற்பது, நாற்பத்தைந்தாம் நாள் பிடுங்கிவிட வேண்டும், விட்டுவைத்தால் சக்கையாகிவிடும். வெங்காயத்துக்குத் தண்ணீர் நின்றால் ஆகாது. மேடான பாத்தி இல்லாதவர்கள் அதைத் தை மாதத்துக்குத் தள்ளிப்போடுவது உத்தமம்.

களை எடுப்பது, முருங்கைக் கிளை கழிப்பது, பழுத்த இலை கிள்ளுவது எல்லாம் தேய்பிறை வேலையாகவே சொல்லி வந்திருக்கிறார்கள். பந்தலுக்கு மூங்கிலையும் தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்பார்கள். மூங்கிலைத் துளைக்கும் வண்டு தேடி வருவது அதிலுள்ள மாவுச்சத்தை. எந்தப் பிறையில் வெட்டியதானாலும், முற்றிய மூங்கிலாகப் பார்த்து இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்துப் பந்தல் போடுங்கள். அவரையும் பாகலும் ஏறுவதற்கு அதுதான் நிற்கும்.

கார்த்திகை வளர்பிறை: நடவு

இங்கேதான் பிறையும் மழையும் மோதும். நவம்பர் 15 மேல்நோக்கு நாள், நாற்றும் தயார்; வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று சென்னை வானிலை ஆய்வு மையம் சொல்கிறது. என்ன செய்வது? நடாதீர்கள். நாற்று ஒரு வாரம் தட்டில் காத்திருக்கும். சேற்றில் நட்ட வேர் காத்திருக்காது.

நடலாமா என்று சொல்ல மண்ணே போதும். அரை அடி ஆழத்தில் ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் பிழியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் கூடாது. உருண்டையாகப் பிடிபட்டு, கட்டை விரலால் தட்டியதும் உதிர்ந்தால் அன்று மாலையே நடலாம், அது தேய்பிறையானாலும். கத்தரிக்குச் செடிக்குச் செடி இரண்டடி, தக்காளிக்கு ஒன்றரை அடி. நட்ட அன்றே பக்கத்தில் குச்சி ஊன்றிவிடுங்கள். செடி வளர்ந்த பிறகு குச்சி குத்தினால் வேர் அறுபடும்.

நட்ட பதினைந்தாம் நாளிலிருந்து, பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யா கலந்து தெளிக்கலாம். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய மூன்று சதவீத அளவு அது. பதினைந்து நாளைக்கு ஒரு முறை என்பதால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய வெயில் நாளாக வைத்துக்கொண்டால் மறக்காது.

கொத்தமல்லியை மழை ஓயும் கார்த்திகைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். விதையைத் தரையில் பரப்பி மரக்கட்டையால் லேசாகத் தேய்த்தால் இரண்டாகப் பிளக்கும். உடைக்காமல் போட்டுவிட்டு முளைக்கவில்லையே என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்கள் நிறைய.

இருட்டு ராத்திரியில் விளக்கு

நிலவு தோட்டத்தில் உண்மையாகவே வித்தியாசம் காட்டும் ஓர் இடம் உண்டு: விளக்குப்பொறி. பௌர்ணமி வெளிச்சத்தில் பூச்சி விளக்குக்கு அவ்வளவாக வராது. அமாவாசையை ஒட்டிய இருட்டில் மொய்க்கும். காய்ப்புழு, தண்டுப்புழுவின் தாய் அந்திப்பூச்சிகள் அப்போதுதான் அதிகம் சிக்கும். அமாவாசைக்கு முன்னும் பின்னும் மூன்று நாள், மாலை ஏழிலிருந்து பத்து வரை, ஒரு பல்பைச் செடி உயரத்துக்குச் சற்று மேலே மழை படாமல் தொங்கவிட்டு, அடியில் அகலமான சட்டியில் சோப்புத் தண்ணீர் வையுங்கள். பத்து மணிக்கு மேல் அணைத்துவிடுங்கள். விடிய விடிய எரிந்தால் நன்மை செய்யும் பூச்சிகளும் சேர்ந்து செத்துப்போகும். மின்கம்பி ஈரத்தில் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, நிலவு விதையை இழுக்கிறதா?

கடல் நீரை இழுக்கும் நிலவு விதையில் உள்ள நீரையும் இழுக்காதா என்று கேட்பார்கள். கடல் ஏற்றம் பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் ஒரே மாதிரிதான் பெருகுகிறது. அந்த நியாயப்படி அமாவாசையும் விதைக்க நல்ல நாளாகிவிட வேண்டும். முழு நிலவின் ஒளி சூரிய ஒளியில் ஏறக்குறைய நாலு லட்சத்தில் ஒரு பங்கு. 2020-இல் ஸ்பெயினின் வலென்சியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, பிறைக்கும் பயிருக்கும் தொடர்பு காட்டும் நம்பத்தக்க சான்று இல்லை என்றே எழுதினார்கள்.

நிலவு பார்த்து விதைப்பது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. 1924-இல் ருடால்ஃப் ஸ்டைனர் தொடங்கிவைத்த உயிராற்றல் வேளாண்மையைப் பின்பற்றி, ஜெர்மனியில் மரியா தூன் ஆண்டுதோறும் ஒரு விதைப்பு நாட்காட்டி வெளியிட்டார். அவரும் நிலவு எந்த நட்சத்திரக் கூட்டத்தில் நிற்கிறது என்றுதான் பார்த்தார். ஆனால் நிலவு மகரத்தில் நிற்கும் நாள் அவருக்கு வேர்ப்பயிர் நாள். மகரத்தில் இருக்கும் திருவோணம் நம் பஞ்சாங்கத்தில் மேல்நோக்கு. ரிஷபத்து ரோகிணிக்கும் அதே கதை. அவர் நாட்காட்டிப்படி நாம் முள்ளங்கி போட வேண்டிய நாளில் நம் பாட்டி கத்தரி போட்டிருக்கிறாள், கத்தரியும் காய்த்திருக்கிறது.

அதனால் நாள் தவறிவிட்டதே என்று விதைப் பொட்டலத்தை அடுத்த வளர்பிறைக்கு எடுத்துவைக்க வேண்டியதில்லை. ஈரத்தில் கிடந்தால் முளைப்புத் திறன்தான் குறையும். மீந்த விதையை அடுப்புச் சாம்பலோடு கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடி, மேலே விதையின் பெயரும் மாதமும் எழுதி வையுங்கள். கார்த்திகை முடிவில் மழை வெறித்த பிறகு அதிலிருந்து இன்னொரு தட்டு கத்தரி நாற்று விட்டால், தை பிறந்ததும் நடவுக்கு வரும். அப்போது வாய்க்காலை மூடிவிட்டுத் தண்ணீர் கட்டப் பழக வேண்டும்.