துப்பாக்கி நுழையாத இடங்கள்

நம் கல்லூரி வாயிலில் "துப்பாக்கியுடன் உள்ளே வரக்கூடாது" என்று எந்தப் பலகையும் இல்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கடை வாசல்களில் அப்படிப்பட்ட பலகைகள் உண்டு என்று படித்தபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அங்கே உரிமம் பெற்றவர் கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து நடமாடலாம். அவரைத் தம் கடைக்குள் விட விரும்பாத கடைக்காரர், சட்டம் வகுத்த வாசகத்தை ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் எழுதி மாட்டவேண்டும். எழுத்து ஓர் அங்குல உயரமாவது இருக்கவேண்டும் என்பதையும் சட்டமே அளந்து கொடுத்திருக்கிறது!

நம் நாட்டில் துப்பாக்கி என்பது அரசு தரும் அனுமதியே. அதை யாரும் பிறப்புரிமையாகக் கேட்க முடியாது. இந்த நிலைக்கு நெல்லைச் சீமையில் பழைய வரலாறு உண்டு. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை 1801 மே மாதத்தில் விழுந்தது. அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் விடுத்த அறிக்கை, பாளையக்காரரும் குடிகளும் ஆயுதம் தாங்குவதை ஒழிக்க முற்பட்டது. சீமை முழுவதையுமே துப்பாக்கி நுழையாத இடமாக்கப் பார்த்தார்கள் எனலாம். பின்னர் 1878ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. ஆயினும் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதனின் கையில் பிரௌனிங் கைத்துப்பாக்கி இருந்தது. கலெக்டர் ஆஷ் துரை மாண்டார். உரிமம் கேட்டு வருபவனையே உரிமச் சட்டம் தடுக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

விடுதலைக்குப் பின் வந்தது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். அதன் கீழ் 1962இல் வகுத்த விதிகளின் உரிமப் படிவத்தை நான் ஆர்வத்துடன் படித்தேன். மாஜிஸ்டிரேட்டின் தனி அனுமதியின்றித் திருவிழாவுக்கும், சமய ஊர்வலத்துக்கும், பிற பொதுக்கூட்டத்துக்கும், கல்வி நிறுவன வளாகத்துக்கும் ஆயுதம் கொண்டுபோகக்கூடாது என்பது அதிலுள்ள நிபந்தனை. வாசலில் மாட்டவேண்டிய பலகை உரிமக்காரரின் சட்டைப்பையிலேயே இருக்கிறது! ஆடி அமாவாசையன்று எங்கள் ஏரல் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலில் ஆற்றங்கரை வரை கூட்டம் நிற்கும்போது இந்த நிபந்தனையின் அருமை புரியும். 2016ஆம் ஆண்டு விதிகளோ, பொது இடத்தில் துப்பாக்கி உறைக்குள் முழுதும் மூடியே இருக்கவேண்டும் என்கின்றன. அமெரிக்கர் உரிமையாகக் கேட்கும் மறைவு, இங்கே கட்டளை.

ஆனால் அந்த நிபந்தனையில் கடையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தம் இடத்துக்குள் வராதே என்று கடைக்காரர் வாயால் சொல்லலாம், அவ்வளவே. துப்பாக்கியைப் பொறுத்தவரை இது பெரிய குறையன்று, ஏனெனில் எங்கள் கடைத்தெருவில் வங்கிக் காவலாளியிடமன்றி வேறு எவரிடமும் நான் துப்பாக்கியைக் கண்டதில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்துக்கு அச்சம் தருவது அரிவாள். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ, இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை விதிகள் ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்குமான கருவிகளை விலக்கிவிடுகின்றன. விலக்கு நியாயமானதே. வாழைத் தோட்டத்துக்குப் போகிறவனிடம் லைசென்ஸ் கேட்க முடியுமா? எனினும் வாழைத்தார் வெட்டும் அரிவாளும் ஆளை வெட்டும் அரிவாளும் பார்வைக்கு ஒன்றுதான். அது இடுப்பில் இருக்கும்போது எதற்கானது என்பதை எந்த விதியும் சொல்லிவிடாது. ஆகவே இந்த அரிவாள் விஷயத்தில் முடிவு கடைக்காரர் கையில்தான் இருக்கவேண்டும் என்பது என் கருத்து. அதன் நஷ்டமும் அவருடையதுதான்.

என் தாத்தா ஏரலில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். தோட்டத்திலிருந்து நேரே வருபவர்களிடம், "அருவாளத் திண்ணையில வச்சிட்டு உள்ள வாரும்வே" என்பார். பெரும்பாலோர் சிரித்துக்கொண்டே வைத்துவிடுவார்கள். ஒருவர் மட்டும், "நான் என்ன வெட்டவா வந்திருக்கேன், அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். பல ஆண்டு வாடிக்கைக்காரர் அவர். ஒரு மாதம் எதிர்க்கடையில் அரிசி வாங்கினார். தாத்தாவும் கூப்பிடவில்லை, ஆச்சிதான் கோபித்துக்கொண்டாள். பிறகு ஒருநாள் அவராகவே வந்தார். அரிவாள் சைக்கிள் காரியரில் சாக்கில் சுற்றியபடி இருந்தது.