தாவா சொத்தை வாங்கியவர்

தம்பி, வழக்கு நடக்கும்போதே சொத்து கைமாறினால் வாங்கியவரை எப்படிச் சேர்ப்பது என்று கேட்டாய். மனு எழுதுவது எளிது. அதற்கு முன் மனசில் வைக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

1. முதலில் இரண்டு தேதிகளை எழுது: பிராது தாக்கலான நாள், கிரயம் நடந்த நாள். சம்மன் கிடைத்த நாள் இங்கே கணக்கில்லை. ஒப்பந்தப்படி கிரயம் கேட்கும் வழக்கில், தாவாவுக்கு முன்பே வாங்கியவரைச் சேர்த்தே ஆகவேண்டும். பின்னால் வாங்கியவரைச் சேர்க்காவிட்டாலும், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 52ஆம் பிரிவு அவரைத் தீர்ப்புக்குக் கட்டுப்படுத்தும். காலவரம்பும் இங்கேதான் பிரிகிறது. முன்னவர்மீது, அவரைச் சேர்த்த நாளில்தான் வழக்கு தொடுத்ததாகப் பொதுவாகக் கருதுவார்கள். பின்னவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. என் சீனியர், இந்தத் தேதிகளைக் கேட்காமல் வழக்குக் கட்டைப் பிரிக்கவே விடமாட்டார்.

2. வாங்கியவரைத் திருடனாகப் பார்க்காதே. ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மஞ்சள் பையிலிருந்து வில்லங்கச் சான்றை எடுத்து, மேசைமேல் வைத்து, மடிப்புகளை உள்ளங்கையால் நீவினார். "இதுல ஒண்ணுமே இல்லையே சார்" என்றார். பதிவான பத்திரங்கள்தான் சான்றில் வரும். கோர்ட்டில் கிடக்கும் தாவா அதில் தெரியாமலே போகலாம். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் வழக்கு பற்றிய அறிவிப்பைப் பதிவு செய்தால்தான் 52ஆம் பிரிவு வாங்கியவரைப் பிடிக்கும். நம் பக்கம் அந்தப் பாதுகாப்பு இல்லை. சீனியர் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு, "தெரியாமல் வாங்கினேன் என்பது இந்தப் பிரிவின் முன் எடுபடாது" என்று உள்ளதைச் சொன்னார். இரண்டும் வேண்டும் தம்பி. ஆறுதலுக்காகக்கூடப் பொய் நம்பிக்கை தராதே.

3. வாங்கியவருக்காக நீ ஆஜரானால் தாமதிக்காதே. விற்றவர் பணத்தோடு போய்விட்டார். இனி அவர் கூண்டேறிச் சாட்சி சொல்லவா போகிறார்? அவர் வக்கீலும் ஒருநாள் விலகிக்கொண்டால், அந்த நிலத்துக்காகப் பேச ஆளே இருக்காது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 22 விதி 10, கட்டளை 1 விதி 10 இரண்டையும் காட்டி அனுமதி கேள். அதை உரிமையாகக் கேட்க முடியாது. கோர்ட் மனம்வைத்துத் தரவேண்டும். அதனால் எப்போது வாங்கினார், தாவா எப்போது தெரிந்தது என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் ஒளிக்காமல் எழுது. 2013இல் தாம்சன் பிரஸ் வழக்கில், தாவா தெரிந்தே வாங்கியவரையும் உச்ச நீதிமன்றம் சேர்த்தது. ஆனால் விற்றவருக்கு இருந்த வாதங்கள்தான் அவருக்கும், அதற்குமேல் ஆசைகாட்டாதே.

4. வாதி பக்கம் இருந்தால், 52ஆம் பிரிவு இருக்கிறதே என்று மெத்தனமாக இராதே. விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தே கிரயம் எழுதித்தர வேண்டும் என்பதே டிக்ரியின் சரியான வடிவம் என்று 1953லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சேர்க்காமல் விட்டால், அமீனா போய் நிற்கும் நாளில் அந்த மனிதர் பத்திரத்தோடு வாசலுக்கு வருவார். கட்டளை 21 விதி 102 அவர் தடையை ஏற்காதுதான். ஆனாலும் அந்தச் சண்டையில் உன் கட்சிக்காரரின் வயது போகும்.

5. வழக்கை இழுப்பதற்கென்று ஆள் சேர்க்காதே. கிரயம் கேட்கும் வழக்குக்குள், சொத்தே தன்னுடையது என்று தனி உரிமை கொண்டாடும் வெளியாளை நுழைக்கக் கூடாது என்பது 2005இல் கஸ்தூரி வழக்கில் முடிவான விஷயம்.

6. பாகப்பிரிவினையில் ஒரு பங்காளியிடம் வாங்கியவருக்குச் சட்டம் கொஞ்சம் ஈரம் காட்டுகிறது. மற்றவர்களுக்குக் குறை வராதென்றால், அவர் வாங்கிய பகுதியை விற்றவரின் பங்கிலேயே ஒதுக்கும்படி கேட்கலாம். வாங்கியவர் வீடு கட்டியிருந்தால் இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. ஆனால் இறுதி டிக்ரி மனு வந்தவுடனே, கமிஷனர் சங்கிலி பிடித்து அளப்பதற்கு முன்பே கேட்டுவிடு. வரைபடம் கோர்ட்டில் தாக்கலான பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு.