இணையக் கடையின் நான்கு பொறுப்புகள்: பீர்மேட்டு ஏலக்காய் கற்பிக்கும் பாடம்

பீர்மேடு வட்டாரத்தின் பொருளாதாரம் தேயிலை, ஏலக்காய் என்னும் இரு பயிர்களைச் சார்ந்து வளர்ந்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டி இங்குள்ள தேயிலைத் தோட்டங்கள் சில மூடப்பட்டபோது, தோட்டக் கூலியை மட்டுமே நம்பியிருந்த தமிழ்க் குடும்பங்கள் வேறு வழி தேட நேர்ந்தது. அத்தகைய குடும்பங்களின் இளைய தலைமுறையினர் இன்று கைபேசி வழியே ஏலக்காய், மிளகு, தேயிலைத்தூள் ஆகியவற்றை வெளியூர்களுக்கு விற்க முன்வருகின்றனர். இவர்கள் இடும் முதல், பெரும்பாலும் பெற்றோரின் பணிக்கொடைத் தொகையோ நகைக்கடனோ ஆகும். இழந்தால் மீட்பதற்கு அரிய பணம் அது. ஆகவே, கடை திறப்பதற்கு முன் அதன் கணக்கை அறிந்துகொள்வது இன்றியமையாதது.

ஏலக் கூடமும் இணையக் கடையும்

மின்னணு வணிகம் இம்மலைக்குப் புதிதன்று. ஸ்பைசஸ் போர்டு எனப்படும் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் ஏற்பாட்டில், இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலும் ஏலக்காய் மின்னணு ஏலத்தில் விற்கப்படுகிறது. அங்கே வணிகர் மாதிரியைக் கையில் எடுத்துப் பார்த்த பின்னரே கணினியில் விலை கேட்கிறார். சரக்கை எடுத்துச் செல்வது வாங்கியவரின் பொறுப்பு. விவசாயிக்குப் பணம் பெற்றுத் தருவது உரிமம் பெற்ற ஏல நிறுவனத்தின் பொறுப்பு. விதிகளைக் கண்காணிப்பது வாரியத்தின் பொறுப்பு.

தரம், போக்குவரத்து, பணம், முறையீடு ஆகிய இந்நான்கும் அங்கே பலரிடம் பகிர்ந்து கிடக்கின்றன. இணையத்தில் நேரடியாக விற்பவரிடம் இந்நான்கும் ஒருசேர வந்து சேர்கின்றன. இடைத்தரகர் இல்லாததால் இலாபம் கூடும் என்பது பாதி உண்மை. இடைத்தரகர் செய்த வேலைகளும் அவற்றின் செலவுகளும் நம்மிடம் வருகின்றன என்பது மீதிப் பாதி.

முதற் பொறுப்பு: தரம்

இணையத்தில் வாங்குபவர் ஏலக்காயை முகர்ந்து பார்க்க இயலாது. படத்தையும் அதன் கீழுள்ள வரிகளையும் நம்பியே பணம் செலுத்துகிறார். எட்டு மில்லிமீட்டர் காயின் படத்தைக் காட்டி ஆறு மில்லிமீட்டர் காயை அனுப்பினால், அவ்விற்பனையோடு அந்த வாடிக்கையாளரும் போய்விடுவார். காயின் அளவு, அறுவடை செய்த காலம், நிகர எடை ஆகியவற்றை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும்.

ஏலக்காய் வெளிச்சத்தில் பச்சை நிறம் இழக்கும். ஈரக்காற்றில் நமத்துப் போகும். மழையும் மூடுபனியும் மிகுந்த பீர்மேட்டில் திறந்த அறையில் பொட்டலம் கட்டுவது ஈரத்தையும் சேர்த்துக் கட்டுவதாகும். ஒளி புகாத, காற்றுப் புகாத உறை விலை கூடுதலாயினும் அவசியச் செலவே. உணவுப் பொருள் விற்பவர் என்ற முறையில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவோ உரிமமோ பெற வேண்டும். பொட்டலத்தின் மேல் விற்பவர் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை, பொதியிட்ட மாதமும் ஆண்டும் ஆகிய விவரங்களும் இடம்பெற வேண்டும்.

இரண்டாம் பொறுப்பு: போக்குவரத்து

இடுக்கி மாவட்டத்தில் இரயில் பாதை இல்லை. பீர்மேட்டிலிருந்து புறப்படும் பொதி குட்டிக்கானம், முண்டக்கயம் வழியாகக் கோட்டயத்திற்கோ, வண்டிப்பெரியாறு, குமுளி வழியாகத் தேனி மாவட்டத்திற்கோ மலைச்சாலையில் இறங்கியாக வேண்டும். 2021 அக்டோபரில் கொக்கையாற்றில் நிலச்சரிவு நேர்ந்தபோது இப்பகுதியின் சாலைப் போக்குவரத்து எவ்வளவு எளிதில் துண்டிக்கப்படும் என்பதைக் கண்டோம். சபரிமலைக் காலத்தில் இதே சாலைகள் வாகனங்களால் நிரம்புகின்றன.

எனவே, சமவெளி நகரத்துக் கடைக்காரர் தரும் “இரண்டே நாளில் கையில்” என்ற உறுதியை நாமும் தருவது விவேகமன்று. மழைக்காலத்திற்கு ஒன்று, மற்றக் காலத்திற்கு ஒன்று என இரு கால அளவுகளை அறிவிக்கலாம். கூரியர் நிறுவனங்கள் வர மறுக்கும் எஸ்டேட் லயங்களிலிருந்து அனுப்புவோருக்கு அஞ்சலகமே நம்பகமான வழி.

மூன்றாம் பொறுப்பு: பணம்

இதுவே கடையின் உயிர்நாடி. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைக் காண்போம். இதிலுள்ள தொகைகள் விளக்கத்திற்காக நாம் வைத்துக்கொண்டவை. ஏலக்காயைக் கிலோ 2,400 ரூபாய்க்கு வாங்கி, 250 கிராம் பொட்டலத்தை வரி உட்பட 900 ரூபாய்க்கு ஒரு விற்பனைத் தளத்தின் வழியே விற்கிறோம்.

சரக்கின் அடக்கவிலை – 600 ரூபாய்
5 விழுக்காடு ஜிஎஸ்டி – 43 ரூபாய்
தளத்தின் கட்டணம், அதன் மீதான வரி – 106 ரூபாய்
அனுப்பும் செலவு – 80 ரூபாய்
உறை, அட்டைப்பெட்டி – 25 ரூபாய்
மொத்தம் – 854 ரூபாய்

எஞ்சுவது 46 ரூபாய். உள்ளீட்டு வரிக் கழிவு கிடைத்தால் இது சற்றுக் கூடும். முன்னூறு ரூபாய் இலாபம் எனத் தோன்றியது இவ்வளவாகச் சுருங்குகிறது. ஒரு பொதி திரும்பி வந்தால் அனுப்பிய செலவு 80, திரும்பும் செலவு 80, வீணான உறை 25 என 185 ரூபாய் இழப்பு. நான்கு நல்ல விற்பனைகளின் இலாபத்தை ஒரே திரும்பல் விழுங்கிவிடுகிறது. பிரிக்கப்பட்ட பொட்டலமாயின் சரக்கும் நட்டமே. பொருளைப் பெறும்போது பணம் செலுத்தும் முறையில், பெற மறுப்பதால் வாங்குபவருக்கு இழப்பில்லை என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்தது காலம். நாளொன்றுக்குப் பத்துப் பொதிகள் அனுப்புகிறோம்; பொருள் சேர்ந்து தளத்திலிருந்து பணம் வரப் பதினைந்து நாள்கள் ஆகின்றன எனக் கொள்வோம். எந்நேரமும் 150 பொதிகளின் பணம் வெளியே நிற்கும். பொதிக்குச் சரக்கும் உறையுமாக 625 ரூபாய் வீதம் 93,750 ரூபாய் நம் கையிலிருந்து முடங்கியிருக்கும். விற்பனை இரட்டித்தால் முடங்கும் தொகையும் இரட்டிக்கும். வியாபாரம் நன்றாக நடக்கும்போதே கையில் காசில்லாமல் போவது இதனால்தான்.

விலையையும் அன்றாடம் கவனிக்க வேண்டும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை சென்றது. சில ஆண்டுகளில் ஆயிரத்திற்கும் கீழே இறங்கியது. சென்ற மாதம் பதிந்த விலையை மாற்றாமல் விட்டால், நட்டத்திற்கு விற்போம். அல்லது விற்காமலே இருப்போம்.

எல்லையும் வரியும்

பீர்மேட்டுக் கடைக்காரர் கேரளத்தின் வடகோடியான காசர்கோட்டுக்கு அனுப்பினால் அது மாநிலத்திற்குள் நடக்கும் விற்பனை. குமுளியிலிருந்து மலையிறங்கியதும் வரும் கம்பத்துக்கு அனுப்பினால் அது மாநிலம் கடந்த விற்பனை. விற்பனைத் தளங்கள் வழியே மாநிலத்திற்குள் மட்டும் விற்கும் சிறு வணிகர்களுக்கு 2023 அக்டோபர் முதல், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஜிஎஸ்டி பதிவிலிருந்து தளர்வு உண்டு. மாநில எல்லை கடந்து சரக்கு விற்பவர், தொகை எவ்வளவு சிறிதாயினும் பதிவு பெற வேண்டும் என்பதே பொது விதி. தம் நிலத்து விளைச்சலை விற்கும் விவசாயிக்குத் தனி விலக்கு இருக்கிறது. வாங்கி விற்பவருக்கு அது பொருந்தாது. நம் வாடிக்கையாளர்களுக்குத் தமிழ்நாட்டில் உறவும் தொடர்பும் மிகுதி என்பதால், முதல் பொதியை அனுப்புவதற்கு முன்பே வரி ஆலோசகரைக் கலந்துகொள்வது நன்று.

பதிவு பெற்றவரின் விற்பனையில், ஜிஎஸ்டிக்காக அரை விழுக்காட்டையும் வருமான வரிக்காக 0.1 விழுக்காட்டையும் தளங்கள் பிடித்து அரசுக்குச் செலுத்துகின்றன. இவை 2024இல் குறைக்கப்பட்ட விகிதங்கள். இவ்வாறு பிடித்த தொகை நம் கணக்கில் வரவாகும். உரிய படிவங்களைத் தாக்கல் செய்தால் ஈடு செய்துகொள்ளலாம்.

ஏமாறாதிருக்க

பணம் அனுப்பியதாகத் திரைப்படம் பிடித்து அனுப்புவோர் உண்டு. வங்கிக் கணக்கில் வரவு வந்ததை நாமே பார்த்த பின்னரே பொதியை அனுப்ப வேண்டும். பணம் பெறுவதற்கு யுபிஐ இரகசிய எண்ணோ, ஓடிபியோ, க்யூஆர் குறியீட்டை வருடுவதோ தேவையில்லை. “கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்” என அவசரப்படுத்துபவரிடம் அவசரப்படலாகாது. ஏமாற்றப்பட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

நான்காம் பொறுப்பு: முறையீடு

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்திற்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். பொட்டலம் எடை போடப்படுவதையும் ஒட்டப்படுவதையும் கைபேசியில் பதிவு செய்து வைத்தால், எடை குறைவு என்னும் புகார்களைச் சான்றுடன் எதிர்கொள்ளலாம்.

வங்கியை அணுகும் முன்

உறையிடும் இயந்திரம், எடைத் தராசு போன்றவற்றுக்குக் காலக்கடன் பொருந்தும். சரக்கிலும் வராத பணத்திலும் முடங்கும் தொகைக்கு நடைமுறை மூலதனக் கடனே பொருந்தும். நகைக்கடனை நடைமுறை மூலதனமாகப் பயன்படுத்தினால், பணம் வெளியே நிற்கும்போது கடன் தவணை வந்து நெருக்கும். முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரையிலும், கிஷோர் பிரிவில் 5 இலட்சம் வரையிலும் பிணையின்றிக் கடன் பெற வழியுண்டு.

தொடங்குவோர், தேக்கடிக்கு வந்து நம் ஏலக்காயை ஒருமுறை வாங்கிச் சென்ற பயணிகளிடமிருந்தும் வெளியூரிலுள்ள உற்றாரிடமிருந்தும் தொடங்கலாம். தரத்தை முன்பே அறிந்தவர்கள் பொதியைத் திருப்பி அனுப்புவது அரிது. விளம்பரச் செலவும் இல்லை. மூன்று மாதங்கள் இவ்வாறு நடத்தி, அனுப்பிய பொதிகள், சேர்ந்தவை, திரும்பியவை, பணம் வர எடுத்த நாள்கள் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அந்நோட்டுடன் கிளைக்கு வந்தால், எவ்வளவு கடன் தேவை, எவ்வளவு தேவையில்லை என்பதை நாம் சேர்ந்தே கணக்கிடலாம்.