மூழ்கிப் பிழைக்கும் நெல்

நெல் தண்ணீரில் வளரும் பயிர், வெள்ளம் அதை என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. வயலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றால் நெல்லுக்கு நல்லதுதான். ஆனால் இலை நுனியும் சேர்ந்து மூழ்கினால் காற்றும் வெளிச்சமும் கிடைக்காது. பயிர் தலையை வெளியே நீட்ட அவசர அவசரமாக உயரும். சேமித்த மாவுச்சத்தெல்லாம் அதிலேயே கரையும். வெள்ளம் வடியும்போது நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்து அழுகும்.

ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ ரகம் அப்படி அவசரப்படுவதில்லை. மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். தண்ணீர் வடிந்தபின் மிச்சமிருக்கும் சத்தைக் கொண்டு மறுபடி துளிர்க்கும். ஆனால் விளைச்சல் குறைவு. இந்தக் குணத்துக்குக் காரணமான சப்1ஏ மரபணு 2006-இல் அடையாளம் காணப்பட்டது. அதை ஸ்வர்ணா ரகத்தில் சேர்த்து உருவான ஸ்வர்ணா சப்1, 2009-இல் இந்தியாவில் வெளியானது. இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். காவிரி டெல்டாவில் சம்பாவுக்கு விதைக்கும் சி.ஆர்.1009 சப்1-ம் இதே வழியில் வந்ததுதான்.

மரபணு என்றதுமே ‘மரபணு மாற்றுப் பயிர்’ என்ற பயம் வந்துவிடுகிறது. இது அதுவல்ல. நெல்லோடு நெல்லை மகரந்தச் சேர்க்கை செய்து, வந்த கன்றுகளைத் திரும்பத் திரும்ப ஸ்வர்ணாவோடு சேர்த்தார்கள். எந்தக் கன்றில் அந்தக் குணம் இறங்கியிருக்கிறது என்று டி.என்.ஏ. சோதனையில் பார்த்துப் பொறுக்கினார்கள், அவ்வளவுதான். வீரிய ஒட்டு ரகமும் அல்ல. அறுவடையில் விதை எடுத்துவைத்து அடுத்த பட்டத்துக்கு விதைக்கலாம்.

வெள்ளம் வராத வருடத்தில் விளைச்சல் குறையுமா? ஒடிசா விவசாயிகளின் வயல்களில் நடந்த ஆய்வு 2013-இல் வெளியானது. பத்து நாள் மூழ்கிய வயலில் சாதாரண ஸ்வர்ணாவைவிடச் சுமார் 45 சதவீதம் கூடுதலாக விளைந்தது; மூழ்காத வயலில் இழப்பு எதுவும் இல்லை. தாழ்வான, வெள்ளம் எளிதில் புகும் நிலங்கள் அங்கே பெரும்பாலும் பட்டியல் சாதியினரிடம் இருப்பதால், பலன் அவர்களுக்கே அதிகம் போனது. இன்னொரு ஆய்வு அதைவிடச் சுவாரசியமானது. பயிர் போய்விடுமோ என்ற கவலை குறைந்ததும் விவசாயிகள் உரத்துக்கும் நடவுக்கும் கூடுதலாகச் செலவிட்டார்கள்.

எந்த வெள்ளத்தையும் தாங்கும் என்று நினைப்பதுதான் இப்போதைய ஆபத்து. பூக்கும் பருவத்தில் மூழ்கினால் இந்த ரகத்துக்கும் சேதம்தான். முழங்கால் அளவுத் தண்ணீர் வாரக்கணக்கில் தேங்கினாலும் சப்1 உதவாது. அங்கே வடிகாலைத் தூர்வாருவதுதான் வேலை.