ஒரு சோறு பதம்

சோறு வெந்ததா என்று அறிய, ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்ப்பது வழக்கம். பானை முழுவதையும் எவரும் அப்படிச் சோதிப்பதில்லை. 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்ற பழமொழி இப்படிப் பிறந்தது. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே கருத்துள்ள வழக்குகள் உண்டு. வடமொழியில் இதற்கு ஸ்தாலீ-புலாக நியாயம் என்று பெயர். ஸ்தாலீ என்பது சமையல் பானை. புலாகம் என்பது சோற்றுப் பருக்கை. பதஞ்சலி தமது மகாபாஷ்யத்திலேயே இதை எடுத்தாண்டுள்ளார்.

மக்கள் பேச்சில் புழங்கிய இத்தகைய உவமைகளைச் சாஸ்திர ஆசிரியர்கள் 'லௌகிக நியாயங்கள்' என்று போற்றினர். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது, காகதாலீய நியாயம். அருகிலுள்ள பெரிய நட்சத்திரத்தை முதலில் காட்டி, பிறகு மங்கலான அருந்ததியின் பக்கம் கண்ணைத் திருப்புவது ஸ்தூலாருந்ததி நியாயம். நுட்பமான உண்மையைப் படிப்படியாக உணர்த்தும் முறையை விளக்க ஆதிசங்கரர் இதைப் பயன்படுத்துகிறார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்னல் ஜேக்கப் என்ற ஆங்கிலேயர் இவற்றைத் தொகுத்து, 'லௌகிக நியாயாஞ்ஜலி' என்ற பெயரில் மும்பையில் வெளியிட்டார். அடுப்படியில் பிறந்த சொல் வேதாந்த விசாரத்தில் இடம்பெற்றது என்பது சிறிய செய்தியன்று.

ஆயினும் அன்றாடப் பேச்சில் பழமொழிக்கு ஓர் ஆபத்தான வலிமை உண்டு. அதைச் சொன்னவுடன் வாதம் முடிந்துவிடுகிறது. ஓர் ஊர்க்காரர் கடனைத் திருப்பித் தரவில்லை. 'ஒரு சோறு பதம். அந்த ஊரே அப்படித்தான்' என்கிறார் கொடுத்தவர். கேட்டவர்கள் தலையசைக்கிறார்கள். மறுமாதம் அந்த ஊரிலிருந்து வாடகைக்கு அறை தேடி வரும் மாணவனுக்குக் கதவு சாத்தப்படுகிறது. அவன் செய்த தவறு என்ன?

நீரில் பிரதிபலிக்கும் சூரியன் என்ற உவமையை ஆராயும்போது சங்கரர் இதற்கு வரம்பு கட்டுகிறார். சொல்ல வந்த அம்சத்தில் மட்டுமே உவமை பொருந்தும்; எல்லா அம்சங்களிலும் ஒற்றுமை இருந்தால் அங்கே உவமை என்பதற்கே இடமில்லை. பானையிலுள்ள பருக்கைகளுக்கு அரிசி ஒன்று, நீர் ஒன்று, நெருப்பும் ஒன்று. அதனால்தான் ஒன்று மற்றவற்றுக்குச் சான்றாகிறது. (அங்கும் கைதேர்ந்தவர்கள் கிளறிவிட்டே பருக்கையை எடுப்பார்கள்.) மனிதர்களோ தத்தம் சம்ஸ்காரங்களோடு, வெவ்வேறு சூழலில் பக்குவம் அடைகிறார்கள்.

சாதகன் தன்மீதே இப்பழமொழியை ஏவிக்கொள்வதும் உண்டு. ஒருநாள் ஜபத்தில் மனம் அலைந்தால், 'இதுவே பதம். எனக்குத் தியானம் கைகூடாது' என்று எழுந்துவிடுகிறான். பருக்கை வேகவில்லை என்பதற்காகச் சமைப்பவர் யாரும் உலையைக் கீழே கொட்டுவதில்லை. விறகை உள்ளே தள்ளி, பானையை மூடி வைத்து, சற்று நேரம் கழித்து வேறொரு பருக்கையை எடுத்துப் பார்க்கிறார்.